மகாலும் கணக்குப் புத்தகமும்

1

சென்ற மாதக் கூட்டம் முடிச்சூரில் என் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. என்னையும் சேர்த்து ஆறு பேர். இரண்டு கவிதைகள் வாசிக்கப்பட்டு, அவற்றைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் போன பிறகு, அலுவலக வேலையாகப் பாரிஸ் போய்விட்டு வந்திருந்த நண்பர் வெர்சாய் அரண்மனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கண்ணாடி மண்டபம், தோட்டம், ராஜாவின் கட்டில். கடைசியில் அவர் சொன்னது இது: 'நம்ம திருமலை நாயக்கரும் பதினாலாம் லூயியும் ஒரே அச்சு. ரெண்டு பேருமே வரம்பில்லாத ராஜா. மகாலைக் கொஞ்சம் நீட்டிப் போட்டா வெர்சாய்தான்.' எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவர்கள் இறங்கிப் போனபிறகு டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான், ஏன் ஆட்டினோம் என்று தோன்றியது.

இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முயற்சி. நான் சரித்திர மாணவன் இல்லை. ஆங்கிலத்தில் பி.ஏ. படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகப் பதினோரு வருஷம் ஓட்டியவன். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது நனைந்து ஊதிப்போன புத்தகங்களில் சத்தியநாதய்யரின் மதுரை நாயக்கர் வரலாறும் ஒன்று. 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலின் மறுபதிப்பு. மின்விசிறிக்கடியில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தபோதுதான் அதை முதல்முறையாக முழுக்கப் படித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ஈரமான புத்தகம், தினமும் சாயங்காலம் கணக்கு நேர்செய்துவிட்டு எழுந்திருக்கும் பழக்கம் - இந்த விஷயத்தில் என் யோக்யதை இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. நான் மதுரைப் பக்கத்துக்காரன். மகாலைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு ஞாபகம் இருக்கிறது. 1970 வாக்கு வரையில் அந்தக் கட்டடத்தில் ஜில்லா கோர்ட் இருந்தது. அறுபதுகளில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் சாட்சி சொல்லத் திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் தாத்தா அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மகாலுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்த நான், தூண்கள் எவ்வளவு உயரம் என்று பிரமித்து அவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: 'தூணை எவன்டா பாத்தான்? டவாலி கூப்பிடுற சத்தம் காதுல விழணுமேன்னு உக்காந்திருந்தேன். அந்த மண்டபத்துல பேரு எதிரொலிச்சு எதிரொலிச்சு யாரு பேருன்னே தெரியாது.'

அந்த மண்டபத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இதுவரை படித்ததில்லை. அண்ணாந்து பார்ப்பவனின் பார்வை, கீழே உட்கார்ந்து காது கொடுப்பவனின் பார்வை என்று இரண்டு இருக்கின்றன. நண்பர் சொன்னது முதலாவது. நாம் ஆறு பேரும் இலக்கியத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருக்கும் பார்வை அது. சரித்திரம் என்று வந்ததும் ஏன் அதற்கே போய்விடுகிறோம்?

2

முதலில் தேதிகள். திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. லூயி பிரான்ஸின் அரசனானது 1643இல், நாலு வயதுக் குழந்தையாக. மந்திரி மஸரேன் 1661 மார்ச்சில் இறந்த பிறகு, இனி முதன்மந்திரி என்று ஒருவர் கிடையாது, தானே ஆளப்போவதாக அறிவித்தான். நாயக்கர் காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. (நாயக்கரை 'அவர்' என்றும் லூயியை 'அவன்' என்றும் எழுதுகிறேன். மதுரைக்காரனுக்கு வேறு வழியில்லை.) 1715இல் சாகும்வரை எழுபத்திரண்டு வருஷம் அவன் அரசனாக இருந்தான்.

'வரம்பற்ற முடியாட்சி' என்று பாடப்புத்தகத்தில் படித்து, 'நானே அரசு' என்ற வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொண்டவர்கள் நாம். அந்த வாக்கியத்தை அவன் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அவன் உண்மையில் பட்டது வேறு. 1648இல் பாரிஸ் நீதிமன்றமும் பிறகு பிரபுக்களும் செய்த கலகத்தில், பத்து வயதுப் பையனாக இரவோடிரவாக நகரத்தை விட்டு ஓட நேர்ந்தது. பின்னால் பாரிஸைத் தவிர்த்து வெர்சாயில் அரண்மனை கட்டியதிலும், 1682இல் அரசவையையே அங்கே மாற்றியதிலும், இந்தப் பயத்துக்குப் பங்கு உண்டு. கோட்டையில் தனித்தனியாக உட்கார்ந்து சதி செய்துகொண்டிருந்த பிரபுக்கள் வெர்சாய்க்கு வந்து, அரசன் படுக்கப் போகும்போது மெழுகுவத்தி பிடிக்கும் கௌரவம் இன்று தனக்குக் கிடைக்குமா என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைச் சென்-சிமோன் என்ற பிரபு தன் நினைவுக் குறிப்புகளில் பக்கம் பக்கமாக வெறுப்போடு எழுதிவைத்திருக்கிறார். அவரும் காத்திருந்தவர்களில் ஒருவர்தான்.

ஆனால் மாளிகையும் மெழுகுவத்தியும் மட்டுமாக அந்த ஆட்சி நடக்கவில்லை. மாகாணங்களுக்கு அரசனின் அதிகாரிகள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் எழுதி அனுப்பினார்கள். என்ன விளைந்தது, யார் வரி கட்டவில்லை, எந்தப் பிரபுவுக்கு எவ்வளவு கடன் என்று தாள்தாளாக எழுதினார்கள். அந்தத் தாள்களையெல்லாம் சேர்த்துவைத்தவர் நிதி மந்திரி கோல்பேர். துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1661 முதல் அவர் அரசனுக்காகச் சின்னச் சின்னக் கணக்குப் புத்தகங்கள் தயாரித்துக் கொடுத்தார். சிவப்புத் தோல் அட்டை, தங்கவேலை, அழகான கையெழுத்து. வரவு, செலவு, போன வருஷத்தோடு ஒப்பீடு. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவு. லூயி அதைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவற்றில் சில இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

ஜேக்கப் சோல் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு விசித்திரமான நெருக்கம் ஏற்பட்டது. சூரியனைச் சின்னமாக வைத்துக்கொண்ட அரசன், பாஸ்புக்கைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். மாதம் முதல் தேதி என் கவுன்ட்டருக்கு வரும் பென்ஷன்கார அம்மாக்கள் மாதிரி.

இந்தக் கணக்கில் கவிஞர்களும் ஒரு தலைப்பு. 1663 வாக்கில், யார் யாருக்கு அரசுச் சன்மானம் தரலாம் என்று ஷாப்லேன் என்ற புலவரைக் கொண்டு கோல்பேர் பட்டியல் தயாரித்தார். மோலியேர் அதில் இருந்தார், ராஸீன் இருந்தார். பதக்கங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் என்ன வாசகம் பொறிப்பது என்று முடிவு செய்ய அதே வருஷம் ஒரு சின்ன அகாதமி அமைக்கப்பட்டது. லூயி என்ற உருவத்தை ஒரு தொழிற்சாலை மாதிரி உற்பத்தி செய்தார்கள் என்று பீட்டர் பர்க் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அப்படியும் அவன் அதிகாரம் வரம்பற்றதாக இருந்ததா? வில்லியம் பீக் 1985இல் லாங்குடாக் மாகாணத்தைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி, வசூலான வரியில் ஒரு கணிசமான பங்கு உள்ளூர்ப் பெரியமனிதர்களின் பைக்கே திரும்பிப் போனதைக் காட்டுகிறது. அவர்கள் அரசனுக்குப் பணிந்தது பயத்தால் மட்டும் இல்லை, பங்கு கிடைத்ததால். பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவனைச் சுலபத்தில் நீக்க முடியாது. வரம்பற்ற மன்னன் உண்மையில் ஆயிரம் பேரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தவன். அந்தப் பேரம் வெளியே தெரியாமலிருக்கக் கண்ணாடி மண்டபம் தேவைப்பட்டது.

3

இனி மதுரை. நாயக்கருக்குப் பிரபுக்கள் பாளையக்காரர்கள். எழுபத்திரண்டு பாளையம் என்பது சம்பிரதாயக் கணக்கு. விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் ஏற்படுத்தியது. ஏட்டளவில், பாளையத்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. லூயி தன் பிரபுக்களை அவர்களுடைய கோட்டைகளிலிருந்து கிளப்பி வெர்சாயில் உட்காரவைத்தான். நாயக்கருடைய பாளையக்காரர்களோ தங்கள் கோட்டையில், தங்கள் படையோடு, தங்கள் ஜனங்களுக்கு நடுவில் இருந்தார்கள். மகாலுக்கு வந்து வணங்கிவிட்டு ஊர் திரும்பிவிடலாம். அங்கே போனதும் அவர்களே ராஜா.

இது எவ்வளவு இழுபறியான ஏற்பாடு என்பது ராமநாதபுரத்தில் தெரிந்தது. சடைக்கன் சேதுபதிமேல் தளவாய் இராமப்பய்யனை நாயக்கர் அனுப்பினார். அந்தச் சண்டையைப் பாடுகிற இராமப்பய்யன் அம்மானை அந்த ஆட்சியைப் பற்றி ஜனங்களிடமிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான கதைப்பாடல். அதன் கதாநாயகர்கள் தளவாயும், சேதுபதியின் மருமகன் வன்னியனும். போகிறவர்கள், கொல்கிறவர்கள், சாகிறவர்கள் அவர்கள். ராஜா மதுரையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மானை பாடியவன் அரசைப் பற்றி அறிந்திருந்தது மகாலைக் கட்டியவனுக்குத் தெரிந்ததைவிட அதிகம் என்பது என் அபிப்ராயம். சண்டையின் பலன் என்ன? சேதுநாடு துண்டாக்கப்பட்டு, சில வருஷத்தில் ரகுநாத சேதுபதியின் கீழ் மறுபடியும் ஒன்றாகிவிட்டது. கடைசிக் காலத்தில் நாயக்கரைக் காப்பாற்றியதும் இந்த ரகுநாத சேதுபதிதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதிகாரம் இப்படிச் சிதறிக் கிடக்கும் இடத்தில் ஒரு ராஜா என்ன செய்வான்? தாள்களை வைத்து நாட்டைப் பிடிக்க முடியாதபோது திருவிழாவை வைத்துப் பிடிப்பான். நாயக்கர் செய்தது அதுதான், அதைப் பிரமாதமாகச் செய்தார். தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தார். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தார் என்பது வழக்கு. மலையிலிருந்து வருகிறவர்களும் நகரத்து ஜனங்களும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் கூடினார்கள். அந்தக் கூட்டம் இன்றும் கூடுகிறது. வெர்சாயில் இன்று கூடுவது டிக்கெட் வாங்கியவர்கள். இந்த ஒரு விஷயத்தில் நாயக்கர் லூயியை ஜெயித்துவிட்டார் என்பதை நண்பருக்காக ஒப்புக்கொள்கிறேன்.

புது மண்டபத்துத் தூண்களில் நாயக்க வம்சத்து ராஜாக்கள் வரிசையாக நிற்கிறார்கள். திருமலை நாயக்கர் தொந்தியும் கூப்பிய கையுமாக, பக்கத்தில் ராணிகளோடு. கும்பிட்டுக்கொண்டு நிற்கும் ராஜா நிரந்தரமாகக் கோயிலுக்குள் நிற்கிற ராஜாவும்தான். சாமி கும்பிட வருகிறவன் இவரையும் தாண்டித்தான் போகவேண்டும். நான் பார்த்த காலமெல்லாம் அந்தக் காலடியில் தையல்காரர்கள் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் முழங்காலில் ரவிக்கைத் துணி தொங்கும். யாரும் அதை அவமரியாதையாக நினைத்ததில்லை.

கவிஞர்கள் விஷயத்திலும் இங்கே கணக்கு வேறு. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றினார் என்றும், அம்மனே சின்னப் பெண்ணாக வந்து ராஜாவின் மடியில் உட்கார்ந்து கேட்டாள் என்றும், ராஜாவின் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டுவிட்டு மறைந்தாள் என்றும் கதை. இதை பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒரு தடவை கணக்குப்பிள்ளை கண்ணால் பார்க்கலாம். மாலை ராஜாவுடையது. கொடுத்தவள் அம்மன். ராஜா கொடுத்ததாக எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மோலியேருக்குக் கொடுத்த பணம் லூயியின் செலவுப் பக்கத்தில் இருக்கிறது; இங்கே ராஜாவிடமிருந்து கொடுக்கிற பெருமையையே கதை எடுத்துக்கொண்டுவிட்டது. ராஜாவின் சன்மானத்தை வாங்கிக்கொண்டு ராஜாவுக்குக் கடன்படாமல் இருப்பது எப்படி என்ற தந்திரம் நம் புலவர் மரபுக்குத் தெரிந்திருந்தது. இன்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

4

பாளையக்காரர்கள் நாயக்கருக்குக் கீழே இருந்தவர்கள். மேலே ஒருவர் இருந்தார். பெயரளவுக்கு மதுரை நாயக்கர் விஜயநகரப் பேரரசின் பிரதிநிதிதான். தலைக்கோட்டைக்குப் பிறகு அந்தப் பேரரசு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று நகர்ந்து தேய்ந்துகொண்டிருந்தது. 1642இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்கன் அதைத் தூக்கி நிறுத்தப் பார்த்தவன். நாயக்கர்களிடம் பழைய கப்பத்தையும் கீழ்ப்படிதலையும் எதிர்பார்த்தவன். மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் அவனுக்கு எதிராகச் சேர்ந்தார்கள். ஸ்ரீரங்கன் படையெடுத்து வருகிறான் என்றதும் திருமலை நாயக்கர் கோல்கொண்டா சுல்தானைத் தூண்டிவிட்டார். கோல்கொண்டாப் படை வேலூரை நோக்கி வந்தது. பிறகு கோல்கொண்டாவே தன்பக்கம் திரும்பியபோது பீஜப்பூரின் உதவியைக் கேட்டார். பீஜப்பூரும் கோல்கொண்டாவும் கூடிக்கொண்டன. 1649க்குள் செஞ்சி பீஜப்பூர் வசமாகிவிட்டது. தஞ்சையும் மதுரையும் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டன.

இவற்றையெல்லாம் அந்தக் காலத்தில் இங்கிருந்த ஏசுசபைப் பாதிரிகள் ரோமாபுரிக்கு எழுதிய கடிதங்களில் காணலாம். நாயக்கரின் மரணத்தையொட்டிப் புரொயன்ஸா எழுதிய 1659ஆம் வருஷத்துக் கடிதம் அவரைப் பெரிய ராஜா என்று மதிக்கிறது; இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் கண்டிக்கிறது.

ஒரு ராஜா தனக்கு மேலே ஒருவரும் இருக்கக்கூடாது என்று நினைத்தார். மேலே இருந்தவர் பலவீனமானவர், தூரத்தில் இருந்தவர், ஒரே பாஷை பேசுகிறவர். அவரைத் தள்ளிவிட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் கண்டிப்பாக வசூலிக்கிறவர்கள். வங்கியில் இதைத் தினமும் பார்க்கிறேன். மைத்துனனிடம் வாங்கிய கைமாற்று மானப்பிரச்னையாகிவிட்டது என்று, தெருமுனைக்காரனிடம் வட்டிக்கு வாங்கி அதை அடைப்பார்கள். அடைத்த அன்று சாயங்காலம் தலைநிமிர்ந்து நடப்பார்கள். நாயக்கர் அழைக்காவிட்டாலும் சுல்தான்கள் வந்திருப்பார்கள் என்று வாதிடலாம், அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அழைத்தார் என்பது பதிவாகியிருக்கிறது.

இங்கேதான் நண்பரின் இரண்டு ராஜாக்களும் உண்மையில் சந்தித்துக்கொள்கிறார்கள், ஒருவர் இறந்து பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு. 1664இல் கோல்பேர் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியை உண்டாக்கினார். அதற்குத் துணையாக லூயி அனுப்பிய கப்பல்படை, தெலா ஏ என்பவரின் தலைமையில், 1672 ஜூலையில் சாந்தோமைப் பிடித்தது. சாந்தோம் அப்போது கோல்கொண்டாவின் கையில் இருந்தது. தரைப்பக்கம் கோல்கொண்டாப் படையும் கடல்பக்கம் டச்சுக்காரர்களும் வளைத்துக்கொள்ள, சூரிய ராஜாவின் சிப்பாய்கள் மயிலாப்பூர்க் கடற்கரையில் சோற்றுக்குத் தவித்தார்கள். முடிச்சூரிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம். அங்கே மணலில் உட்கார்ந்து எத்தனையோ சாயங்காலம் கவிதை பேசியிருக்கிறோம்.

அரிசிக்கும் உதவிக்கும் அவர்கள் ஆள் அனுப்பியது வாலிகண்டபுரத்திலிருந்த ஷேர்கான் லோடியிடம். அவர் பீஜப்பூரின் அதிகாரி. செஞ்சிச் சீமை பீஜப்பூருக்குப் போனதால்தான் அவர் அங்கே இருந்தார். அவர் கொடுத்த இடம் புதுச்சேரி. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் சாந்தோமிலிருந்து கொஞ்சம் பேரோடு அங்கே போய்த் தங்கினார். அந்த வருஷம் செப்டம்பரில் சாந்தோம் டச்சுக்காரர்களிடம் விழுந்தது. புதுச்சேரி நின்றது. 1693இல் அதையும் டச்சுக்காரர்கள் பிடித்து, 1697ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே ஒற்றுமையைத் தேடிக் கண்ணாடி மண்டபத்துக்கும் சுதைத்தூணுக்கும் போகவேண்டியதில்லை. ஒருவர் தன் மேலதிகாரியை ஒழிக்கக் கூப்பிட்டவர்களின் உத்தியோகஸ்தரிடம், இன்னொருவனின் படை அரிசி கேட்டு நின்றது. வரம்பற்ற மன்னர்கள் இருவரும் தமிழ்நாட்டு மண்ணில் சேர்ந்து விட்டுச் சென்ற தடம் இது.

5

கடைசியாக, எந்த ஆட்சிக்கும் உள்ள செலவுப் பக்கம்.

1656 வாக்கில், கந்தீரவ நரசராஜனின் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மதுரைச் சீமைக்குள் வந்தது. எதிர்ப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. அறுத்த மூக்குகளை மூட்டைகட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. நாயக்கர் நோயில் கிடந்தார். அப்போது உதவிக்கு வந்ததுதான் ரகுநாத சேதுபதியின் படை. மைசூர்ப் படை துரத்தப்பட்டது. அப்புறம் நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூருக்குள் போய் அங்கே மூக்கறுத்தார். மூக்கறுப்புப் போர் என்று பெயர். சேதுபதிக்குத் திருமலை சேதுபதி என்ற பட்டமும் நவராத்திரி கொண்டாடும் கௌரவமும் கிடைத்தன. மூக்குப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எங்கும் எழுதப்படவில்லை.

இந்த இடத்தைப் படித்துவிட்டு அன்றிரவு நான் வேறெதுவும் படிக்கவில்லை. மகாலின் வரவுசெலவு என்று ஒரு சுவடிக்கட்டு நம் கைக்கு வரவில்லை. எத்தனை கொத்தனார்கள், என்ன கூலி, எவ்வளவு சுண்ணாம்பு என்று தெரியாது. அந்த ஆட்சியில் ஒன்றை எண்ணி மூட்டைகட்டினார்கள் என்று நாம் கேள்விப்படுவது இந்த மூக்குகளைத்தான். எண்ணியவனும் எதிரி.

கணக்கு வைத்திருந்த லூயியின் கதை இதைவிடத் தேவலையா என்றால், இல்லை. 1683இல் கோல்பேர் இறந்தார். அதற்குப்பிறகு சட்டைப்பைக் கணக்குப் புத்தகங்கள் நின்றுபோயின என்கிறார் சோல். வெர்சாய் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது, யுத்தங்கள் நீண்டுகொண்டிருந்தன, எண்கள் இனிமையாக இல்லை. 1685இல் புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த உரிமை ரத்தானது. கைத்தொழில் தெரிந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டுப் போயின. 1689இல் யுத்தச் செலவுக்காக வெர்சாயிலிருந்த வெள்ளி மேசைகளும் குத்துவிளக்குகளும் உருக்கப்பட்டன. 1693-94 பஞ்சத்தில் பிரான்ஸில் 13 லட்சம் பேர் மடிந்தார்கள் என்று லாஷிவெர் கணக்கிடுகிறார். அந்த வருஷங்களில் அரசன் பையில் புத்தகம் இல்லை. இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்கப் பிடிக்காத கணக்கைப் பார்க்காமல் இருக்க அவனால் முடிந்தது. என் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் ஒருவராலும் முடியாத காரியம் அது. பாஸ்புக்கை மூடிவிட்டால் தவணைத் தேதி வராமல் போய்விடுமா அவர்களுக்கு?

'வரம்பற்ற' என்ற சொல்லுக்கு இப்போது எனக்குத் தெரிகிற அர்த்தம் இதுதான். நினைத்ததைச் செய்ய இரண்டு ராஜாக்களாலும் முடியவில்லை. ஒருவன் பிரபுக்களுக்குப் பங்கு கொடுத்தான். இன்னொருவர் பீஜப்பூருக்குக் கப்பம் கட்டினார். செய்ததன் கணக்கைத் தான் பார்க்காமல் வேறு யார் மேலாவது எழுதிவிட மட்டும் முடிந்தது. லாங்குடாக் விவசாயியின் மேலே, சத்தியமங்கலத்துப் பாதையில் போன ஒரு பெண்ணின் முகத்தின் மேலே.

நாயக்கரின் பேரன் சொக்கநாதர் 1665 வாக்கில் தலைநகரைத் திருச்சிக்கே திரும்ப எடுத்துப்போனார். மகாலின் பகுதிகளைப் பிரித்து அங்கே கொண்டுபோனார். இன்று நாம் பார்ப்பது மொத்தத்தில் கால்பங்கு என்கிறார்கள். 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைச் செப்பனிட்டார், பிறகு கோர்ட்டு. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் என்று மதுரையில் சொல்வார்கள். கட்டியது கால்பங்குதான் மிஞ்சியது. தோண்டியது அப்படியே முழுசாக இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தெப்பம் மிதக்கிறது.

தாத்தாவிடம் திரும்பி வருகிறேன். 1981 முதல் மகாலில் ஒலி-ஒளிக் காட்சி காட்டினார்கள். சின்ன வயதில் ஒருமுறை அவரோடு போயிருக்கிறேன். இருட்டில் தூண்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பும் நீலமுமாக எரிந்தன. நாயக்கரின் பெருமையோடு சிலப்பதிகாரக் கதையும் சொன்னார்கள். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன ராஜாவிடம் வந்து ஒரு பெண் நியாயம் கேட்கிற இடம், ஒலிபெருக்கியில் அலறி எதிரொலித்தது. ராஜா சிம்மாசனத்திலிருந்து விழுந்து செத்தான். எனக்கு அழுகை வந்தது. தாத்தா பக்கத்தில் ஒரு கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாரா, அல்லது பழைய டவாலியின் குரலையா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கூட்டமும் முடிச்சூரில்தான். நண்பர் அவசியம் வரவேண்டும்.